எருமப்பட்டிக் கிணற்று மண்

மணலுக்கு வயது உண்டு என்று சொன்னால் ஈப்போவிலும் சிரிப்பார்கள், எருமப்பட்டியிலும் சிரிப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஈப்போவில் நாம் அந்தப் பக்கம் போன பிறகு சிரிப்பார்கள். எருமப்பட்டியில் டீ வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"ஏனுங்க, மணலுக்கு வயசு பாத்து என்ன பண்ணப் போறீங்க? பொண்ணு கிண்ணு குடுக்கறாப்பலயா?" என்று ஒருவர் கேட்டார். கடையே குலுங்கியது. எனக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். நான் முறைத்தேன். இனிமேல் இவர்களுக்கு எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்று அந்த டீ டம்ளரைக் கீழே வைக்கும்போதே முடிவு செய்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த மார்கரெட், பழைய ஆற்று மண்ணுக்கு வயது கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். கொல்லிமலை அடிவாரத்துக்கும் காவிரிக்கும் நடுவே நிலம் ஒரு காலத்தில் விரிசல் விட்டு நகர்ந்திருக்கிறது, அது எப்போது என்று பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். கூடவே தமிழ் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றார். எங்கள் கூடத்தில் தமிழன் நான் ஒருவன்தான். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். என் தமிழுக்கு என்ன குறைச்சல் என்று மார்தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நாமக்கல்லில் இறங்கியதும் காலை எட்டு மணிக்கு விடுதிக்காரரிடம், "பசியாறிவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்போம். அவர் பயந்துபோய், "ஏனுங்க, நான் பட்டினி கெடக்கறேன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார். பிறகு, "நீங்க ரேடியோப் பொட்டி மாதிரி பேசறீங்க" என்றும் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. மண் எடுக்கும் இரும்புக் குழாய்கள் அதில்தான் இருந்தன. விடுதிக்காரர், "பாடி கட்டற பட்டறைக்குப் போங்க" என்றார். பாடி என்றால் பிணம் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிப் போனேன். போய்ப் பார்த்தால் லாரிக்கு மேல்கட்டு செய்யும் இடம். ஈப்போவில் ஈயச் சுரங்கத்துப் பட்டறைகளில் கேட்கும் அதே சத்தம், அதே எண்ணெய் நாற்றம். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. புகைக்குழாய்க்கு வைத்திருந்த இரும்பை முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனைக்கு மூடியும் செய்து மாலைக்குள் கொடுத்துவிட்டார்கள். கூடவே லாரிக்குப் போடும் கறுப்புத் தார்ப்பாய் ஒன்றும் வாங்கினோம். மார்கரெட் குழாய்களைத் தடவிப் பார்த்து, "காணாமல்போனவற்றைவிட இவை நன்றாக இருக்கின்றன" என்றார்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் இருந்தவர் கந்தசாமி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். எருமப்பட்டிக்கு வெளியே ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருந்தார். "பழைய மண்ணு வேணும்னா எங்க கெணத்துக்கு வாங்க. புதுசா வெட்டியிருக்கறேன். அடுக்கடுக்கா இருக்குது, என்னென்னவோ நெறத்துல" என்றார். வெட்டி முடித்திருந்தார், இன்னும் கல் கட்டவில்லை. மணல் பாங்கான பூமி. ஐப்பசி மழை இறங்குவதற்குள் சுற்றிலும் கல் கட்டாவிட்டால் சரிந்து கிணறே தூர்ந்துபோகும். மேஸ்திரி வரும்வரைக்கும் எங்களுக்கு நேரம் கொடுத்தார்.

ஏணி வைத்து இறங்கினோம். மார்கரெட் கிணற்றின் மேற்குச் சுவரைப் பார்த்ததும் ஏணியின் பாதியிலேயே நின்றுவிட்டார். தோசைகளை அடுக்கி வைத்து, நடுவே கத்தியால் வெட்டி, ஒரு பாதியை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மணல், கூழாங்கல், செம்மண் என்று வந்த அடுக்குகள் ஒரு கோட்டில் பட்டென்று அறுந்து, அந்தப் பக்கம் ஒரு முழம் தாழ்ந்து தொடர்ந்தன. அதற்கு மேலிருந்த மணல் அடுக்கு மட்டும் அறுபடாமல் ஒரே சீராக ஓடியது. அறுந்த அடுக்குக்கும் அறுபடாத அடுக்குக்கும் வயது தெரிந்துவிட்டால், நிலம் நகர்ந்தது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்று சொல்லிவிடலாம். "இப்படி ஒரு சுவரைத் தேடி நான் மூன்று நாடு சுற்றியிருக்கிறேன்" என்றார் மார்கரெட்.

மதியம் கந்தசாமி வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி பாவாயி அரிசியும் பருப்பும் ஒன்றாய் வேகவைத்த சோறு போட்டு, நெய்யை இலை வழியும்வரை ஊற்றினார். எங்கள் பக்கம் சாம்பார் வேறு, சோறு வேறு. இங்கே இரண்டையும் அடுப்பிலேயே சேர்த்து வைத்துவிடுகிறார்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"தம்பிக்குப் பொறந்தது எங்கீங்க?" என்று கந்தசாமி கேட்டார். "தோட்டத்தில் பிறந்தேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா. தோட்டத்துல கெணறு எத்தனைங்க?" எனக்குச் சட்டென்று புரிந்தது. இந்த ஊரில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள சொந்த நிலம். நான் பிறந்தது வெள்ளைக்காரன் ரப்பர்த் தோட்டத்தில், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், ஒரே ஓர் அறையில். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாவாயி இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். "எங்கள் பக்கம் கிணறு இல்லைங்க, மழைதான்" என்று சொல்லி விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை எனக்குரியது அல்ல என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மண் எடுத்தோம். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் மணல் பருக்கை, வெளிச்சம் படாத காலமெல்லாம் சுற்றியுள்ள மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வாங்கிச் சேர்த்து வைக்கும். ஆய்வுக்கூடத்தில் அதைச் சூடாக்கினால் அந்தச் சேமிப்பு மெல்லிய ஒளியாக வெளியே வரும். ஒளி அதிகம் என்றால் புதைந்து அதிக காலம் ஆகியிருக்கிறது. நடுவில் வெயில் பட்டால் சேமிப்பு அழிந்துவிடும், வயதும் போய்விடும். அதனால் தார்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இருட்டில் குழாயைச் சுவருக்குள் அடித்து இறக்கி, அங்கேயே மூடி, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். உள்ளே இட்லிப் பானை மாதிரி புழுங்கியது.

மேலே நின்று வேடிக்கை பார்த்தவர்கள், "வெள்ளைக்காரம்மாளுக்கு வெயில் ஒத்துக்காது போல" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. சரி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

குழாய்களைத் தினமும் பஸ்ஸில் நாமக்கல்லுக்குச் சுமக்க முடியாது. "எங்க ஊட்டுலயே வெச்சுட்டுப் போங்க சாமி. உள்ரூம்புல ஒருத்தரும் தொடமாட்டாங்க" என்றார் கந்தசாமி. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். மார்கரெட் கிணற்றடியில் படம் வரைந்துகொண்டிருந்தார்.

பாவாயி வாசலில் நின்று பார்த்தார். "நம்ம கெணத்து மண்ணுதானுங்களே? இதுக்கு எதுக்குங்க இத்தனை மூடாக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் எனக்கு டீக்கடை ஞாபகம் வந்துவிட்டது. இந்த அம்மாவுக்குக் கதிரையும் சேமிப்பையும் சொல்லி எப்போது விளங்குவது? உடம்பு முழுக்க வேர்வை, கையெல்லாம் சேறு. "மண்ணுக்குள்ளே விதை இருக்குது அம்மா. பத்திரமா வைக்கணும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பிடித்துப்போயிற்று. எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன்.

"வெதைங்களா? ஈரமா இருக்குமாட்ட இருக்குதுங்களே" என்றார். "ஆமாம் ஆமாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

அடுத்து சேந்தமங்கலம். அந்த விரிசல் மலையடிவாரம் வரைக்கும் போகிறதா என்று பார்க்க மார்கரெட் ஆசைப்பட்டார். பஸ் வழியில் படுத்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தை ஒரு முறை உதைத்துவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துவிட்டார். ஈப்போவில் பஸ் நின்றால் ஆளாளுக்குக் கத்துவார்கள். இங்கே எல்லோரும் இறங்கிக் கல்யாணப் பேச்சு பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் மார்கரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணப் பாருடி, பால் குடிக்க வந்த பூனையாட்டம்" என்றாள் ஒருத்தி. "என்ன சொல்கிறார்கள்?" என்று மார்கரெட் கேட்டார். "உங்கள் கண் அழகாக இருக்கிறதாம்" என்றேன். மார்கரெட் அந்தப் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்படியே எல்லா இடத்திலும் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. இரண்டு நாள் அடிவாரத்து ஓடைகளில் அலைந்தோம். விரிசலின் சுவடு அங்கங்கே தெரிந்தது, ஆனால் மண் எடுக்கத் தோதான இடம் எங்கும் இல்லை. "பரவாயில்லை, நமக்கு அந்தக் கிணறு போதும்" என்றார் மார்கரெட். திரும்பும்போது கொல்லிமலை மேல் கறுப்பாகக் கூடிக்கொண்டிருந்தது.

எருமப்பட்டிக்கு வந்தபோது மேஸ்திரி வேலையை ஆரம்பித்திருந்தார். கீழிருந்து கட்டிக்கொண்டு வந்த கல், நாங்கள் மண் எடுத்த இடத்தை மூடி அதற்கும் மேலே ஏறிவிட்டது. எங்களுக்கென்ன, எங்கள் மண்தான் பத்திரமாக இருக்கிறதே என்று வீட்டுக்கு நடந்தோம்.

வாசல் களத்தில் நல்ல வெயில். ஒரு பக்கம் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் எங்கள் மண் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழாயின் மண்ணும் தனித்தனிக் குவியல். குவியலின் தலைமாட்டில் அதனதன் குழாய். ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல் நடுவே குச்சி வைத்திருந்தார்கள். பாவாயி குனிந்து ஒரு குவியலை விரலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உங்க வெதை ஈரத்துல வெந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னு நேத்தே எடுத்துக் காயப்போட்டுட்டேன். இன்னும் ஒரு வெயில் காஞ்சாப் போதுமுங்க" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மார்கரெட் அப்படியே களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். "ஈரத்தில் கெட்டுவிடும் என்று நினைத்தாராம்" என்றேன். அதிலும் பொய் இல்லை.

கந்தசாமி ஓடிவந்தார். அந்தம்மாளுக்கு என்ன ஆச்சு என்றார். வெயில் பட்டதால் மண் உதவாமல் போய்விட்டது என்று சொன்னேன். மனிதர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "உன்னைய யாரு புள்ள தொடச் சொன்னது? நம்மள நம்பி வெச்சுட்டுப் போனவிங்களுக்கு இப்படிப் பண்ணிப்போட்டியே" என்றார். மேஸ்திரியும் சித்தாள்களும் கிணற்றடியிலிருந்து வந்து நின்றார்கள். பாவாயியின் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "அம்மா மேல் தப்பில்லைங்க. விதை என்று சொன்னது நான்தான். வெயில் ஆகாது என்று நான் சொல்லவே இல்லை. தப்பு என்னுடையது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை அது.

கந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாத்தியா புள்ள. உன்னைய உட்டுக்குடுக்காம பழியத் தன் தலைமேல போட்டுக்கறாரு. தோட்டங்காட்டுல பொறந்த மனுசன்னா அதான். பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். மேஸ்திரி ஆமோதித்தார். ஒரு சித்தாள் பெண், "நல்லவிங்க" என்றார். இல்லைங்க, நிஜமாகவே நான்தான் என்றேன். எவ்வளவுக்கு எவ்வளவு வற்புறுத்தினேனோ அவ்வளவுக்கு என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போயிற்று. உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பூமி அந்தக் கிணற்றில் செய்த மாதிரி ஒரு முழம் இறங்கி என்னை மூடிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. நான் சொன்னது உண்மை என்று தெரிந்தவர் அந்தக் களத்தில் ஒருத்தர்தான். அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்கிறது?" என்றார் மார்கரெட். "மன்னிப்புக் கேட்கிறார்கள்" என்றேன். கேட்டார்கள் என்பது உண்மைதான். இப்போது இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தில்தான் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலையில் நாங்கள் போவதற்குள் கந்தசாமி கிணற்றுக்குள் இறங்கியிருந்தார். மேல் வரிசைக் கற்களில் பாதியை எடுத்து வெளியே போட்டாயிற்று. "எங்க ஊட்டுல நடந்த தப்புங்க. கல்லப் பிரிச்சுடறோம். அம்மா வேணுங்கற மண்ண எடுத்துக்கட்டும்" என்றார். பாவாயியும் கல் சுமந்துகொண்டிருந்தார். மலைப் பக்கம் இடி உருண்டது.

மார்கரெட்டின் கண்ணில் ஆசை தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? என் கண்ணிலும் இருந்திருக்கும். அந்தச் சுவர் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் போதும், புதிதாக மண் எடுத்துவிடலாம், நடந்தது எல்லாம் நடக்காத மாதிரி ஆகிவிடும். மார்கரெட் என்னிடம் திரும்பி, "கல்லைப் பிரித்தால் கிணறு தாங்குமா என்று மேஸ்திரியைக் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். அழகுபடுத்த வேண்டாம்" என்றார். என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பிரிச்சா நிக்குமுங்க. மழை வர்ற வரைக்கும் நிக்கும். வந்துட்டா நாம திரும்பக் கட்டறதுக்குள்ள மேக்கால செவுரு உள்ள வந்துரும். அப்பறம் கெணறும் இல்ல, கெணத்துக்காரரும் இல்ல."

முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம். 'நிற்கும் என்கிறார்.' நாக்கு நுனிவரை வந்தது. முழுவதையும் சொன்னேன்.

மார்கரெட் ஏணியடிக்குப் போய், கந்தசாமி எடுத்துப் போட்டிருந்த கல் ஒன்றைக் குனிந்து தூக்கி மேஸ்திரியிடம் நீட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கந்தசாமி எவ்வளவோ மறுத்தார். மார்கரெட் அடுத்த கல்லைத் தூக்கினார். அன்று பொழுது சாயும்வரை நாங்கள் இருவரும் சித்தாள் வேலை பார்த்தோம். என் உள்ளங்கையில் தோல் உரிந்தது. கடைசி வரிசை ஏறி முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரை அடியில் நின்று, சுவர் சரிகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கிணறு நின்றது.

மழை விட்ட காலையில் விடைபெறப் போனோம். சுடச்சுடப் பணியாரம் கொடுத்தார்கள். கந்தசாமி, அடுத்த முறை மனைவி மக்களோடு வரவேண்டும் என்றார். பிறகு வண்டி பிடித்து வர ரோட்டுக்குப் போனார்.

பாவாயி உள்ளேயிருந்து துணி முடிச்சுகள் கொண்டுவந்தார். காய்ந்த மண் எல்லாம் தனித்தனியாக முடியப்பட்டிருந்தது. "ஒண்ணோட ஒண்ணு கலக்கலைங்க. எதுக்காச்சும் ஆகுமான்னு பாருங்க" என்று என் கையில் கொடுத்தார். மார்கரெட் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

நான், "அம்மா, அன்றைக்கு நான்" என்று தொடங்கினேன்.

"மண்ணக் கொட்டிப் பாத்தப்பவே என் கண்ணுக்கு மண்ணாத்தானுங்க தெரிஞ்சுது" என்றார் பாவாயி. குரலில் கோபம் இல்லை. "படிச்சவிங்க சொல்றாங்களே, என் கண்ணுக்குத் தெரியாத வெதை உள்ள இருக்கும்போலன்னுதான் காயப்போட்டேன். வெயில் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்களே தம்பி. எனக்கு வெளங்காதுன்னு நெனச்சுட்டீங்களா?"

மார்கரெட் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

முடிச்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாவாயி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.